ரேடியோ வால்வில் மங்கிய எழுத்துகள்: அப்படியே விடுவதா, கையால் எழுதுவதா, மீண்டும் அச்சிடுவதா?

பழைய ரேடியோக்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழுதுபார்ப்பவர்கள், அவற்றினுள் இருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளைச் சேகரிப்பவர்கள் ஆகிய இரு சாராரிடமிருந்தும் அடிக்கடி வரும் கேள்வி இது: கண்ணாடியின் மேலிருந்த வகை எண்ணும் நிறுவனப் பெயரும் மங்கிப் பாதி அழிந்துவிட்டன, இருப்பதை அப்படியே காப்பாற்றி வைப்பதா, வகை எண்ணை மட்டும் கையால் எழுதிக்கொள்வதா, அல்லது பழைய அச்சைப் போலவே புதிதாக அச்சிட்டுவிடுவதா? மூன்றையும் ஆதரித்துப் பேசுவோர் உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வேறுவேறு வால்வுகளையும் வேறுவேறு நோக்கங்களையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதால் கேட்டவருக்குத் தெளிவு கிடைப்பதில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்வின் மேலுள்ள அச்சை நான் ஒரு சான்றாகவே பார்க்கிறேன். சான்றை முதலில் படிக்க வேண்டும், பிறகு பதிவு செய்ய வேண்டும், அதன் பிறகே அதன் மேல் கை வைப்பதா என்று யோசிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் அந்த வால்வைப் பற்றி நமக்குத் தெரிந்தது முன்பைவிடக் குறைந்துதான் போயிருக்கும்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், எஞ்சியிருக்கும் தடயம் பிழைக்குமா என்பது. பழைய வால்வுகளின் மை கண்ணாடிக்குள் ஊறுவதில்லை. அது மேற்பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறிப்பாகத் தங்க, வெள்ளி நிற மைகள் விரலால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே போய்விடக் கூடியவை. நாம் தேர்ந்தெடுக்கும் வழி இந்த மிச்சத்தை அழிக்குமா என்பதே மற்ற எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி.

இரண்டாவது, சூடு தாங்குமா என்பது. இசிசி83 போன்ற சிறிய வால்வின் கண்ணாடிக்கும் இஎல்34 போன்ற சக்தி வெளியீட்டு வால்வின் கண்ணாடிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பெரிய வெளியீட்டு வால்வுகளிலும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர்களிலும், பிளேட்டுக்கு (உள்ளே எலெக்ட்ரான்கள் வந்து சேரும் உலோகத் தகட்டுக்கு) நேரெதிரே உள்ள கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். சிறிய வால்வில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பெயின்ட்டும் பசையும் அங்கே பழுப்பேறி உரிந்துவிடும்.

மூன்றாவது, செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் நெறி இது: இன்று நாம் சேர்ப்பதை நாளை வேறொருவர் மூலப்பொருளுக்குச் சேதமின்றி அகற்ற முடிய வேண்டும். நான்காவது அளவுகோலும் அதே நெறியிலிருந்து பிறப்பதுதான். புதிதாகச் சேர்த்தது புதியது என்று உற்றுப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பழைய வால்வுகளின் சந்தையில் போலி முத்திரை நீண்ட நாள் நோயாக இருப்பதால் இந்த நான்காவது அளவுகோலுக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

ஐந்தாவது செலவு. இதில் பொருளின் விலையைவிடப் பயிற்சிக்குப் போகும் நேரமும், ஒரே ஒரு வால்வுக்காக ஒரு முழுத் தொகுதிப் பொருளை வாங்க வேண்டிய கட்டாயமுமே பெரியவை. இவை யாருடைய கணக்கிலும் முதலில் ஏறுவதில்லை.

## தேர்வுக்கு முன்: கண்ணாடியில் உண்மையில் என்ன இருக்கிறது

எல்லாக் குறிகளும் ஒரே வகையானவை அல்ல. பெரும்பாலானவை மேலே அச்சிட்டவை. சில, வேதிமுறையில் கண்ணாடியிலேயே பொறித்தவை. பிலிப்ஸ் குழும வால்வுகளின் அடிப்பகுதியில் சாம்பல் நிறத்தில் தெரியும் இரண்டு வரிக் குறியீடு இவ்வகையைச் சேர்ந்தது. அமெரிக்க ஆர்சிஏ வால்வுகள் பலவற்றில் எண்கோணக் கட்டத்துக்குள் காணப்படும் வகை எண்ணும் அப்படியே. இன்னும் சில, கண்ணாடி வார்க்கும்போதே அச்சில் பதிந்தவை. டெலிஃபங்கன் சிறிய வால்வுகளின் அடியில் பின்களுக்கு நடுவே புடைப்பாகத் தெரியும் வைர வடிவம் இதற்கு எடுத்துக்காட்டு. மேலே இருந்த மை முழுவதும் போன பிறகும் இந்தப் பொறிப்புகள் பேசிக்கொண்டிருக்கும்.

பிலிப்ஸ் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு நிறுவனப் பெயரின் அச்சு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. முதல் வரி வால்வின் வகையையும் வடிவமைப்பு மாற்றத்தையும் குறிக்கும். இரண்டாம் வரி தொழிற்சாலைக்கான எழுத்தோ வடிவமோ ஒன்றில் தொடங்கி, ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கான எழுத்து, வாரத்துக்கான எண் என்று போகும். இரண்டாம் வரி ‘பி2சி4’ (B2C4) என்றிருந்தால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில், 2 என்று முடியும் ஓர் ஆண்டின் மார்ச் மாத நான்காம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ‘ஆர்’ (R) என்றால் அதே நாட்டின் மிட்சம்; முக்கோணம் என்றால் நெதர்லாந்தின் ஹேர்லன். பத்தாண்டு எது என்பதை மட்டும் உள்ளமைப்பையும் முதல் வரியையும் வைத்து நாமே கணிக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வால்வுகள் உற்பத்தியில் இருந்த காலத்திலேயே நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்றன. எனவே மேலே அச்சிட்ட பெயர் விற்றவர் பெயர். செய்தவரைச் சொல்வது பொறித்த குறியீடும் உள்ளமைப்பும்தான். ‘இதன் உள்ளமைப்பு பிரிட்டிஷ் நிறுவனமான மல்லார்ட் செய்ததைப் போல இருக்கிறது, ஆகவே மல்லார்ட் என்று அச்சிடுகிறேன்’ என்பவர், அந்த வால்வு வேறொரு பெயரில் விற்கப்பட்டிருந்த வரலாற்றை அழித்துவிட்டு நடக்காத ஒன்றை அங்கே எழுதுகிறார்.

அடையாளம் உறுதியாகாமல் எந்தக் குறியையும் இடக்கூடாது. பெயரில்லாத வால்வைச் சந்தேகத்துடன் சோதித்துப் பார்ப்போம். தவறான பெயருள்ள வால்வை நம்பிச் செருகிவிடுவோம். ஐரோப்பியப் பெயர் முறையில் முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழைக்கு வேண்டிய மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ, சொல்கிறது: ‘இ’ (E) என்றால் 6.3 வோல்ட், ‘பி’ (P) என்றால் 300 மில்லிஆம்பியர், ‘யு’ (U) என்றால் 100 மில்லிஆம்பியர். ஆகவே பாதி அழிந்த பெயரில் ‘எல்84’ மட்டும் எஞ்சியிருந்தால், ஹீட்டர் பின்களுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து பிரித்துவிடலாம். இஎல்84-க்கு 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர், அதாவது சூடான நிலையில் ஏறத்தாழ 8 ஓம். பிஎல்84-க்கு 15 வோல்ட்டில் 0.3 ஆம்பியர், அதாவது 50 ஓம். யுஎல்84-க்கு 45 வோல்ட்டில் 0.1 ஆம்பியர், அதாவது 450 ஓம். குளிர்ந்த நிலையில் மூன்றுமே இவற்றின் சிறு பங்காகத்தான் காட்டும். ஆயினும் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி பெரியது என்பதால் குழப்பம் வராது.

இந்தச் சோதனை உதவாத இடமும் உண்டு. அதுவே நடைமுறையில் அதிகம் எதிர்ப்படுவது. இசிசி81, இசிசி82, இசிசி83 ஆகிய மூன்றும் ஒரே அளவு, ஒரே பின் அமைப்பு, ஒரே ஹீட்டர் கொண்டவை. ஆனால் மின்குறிப்பை எவ்வளவு பெருக்க வல்லது என்று காட்டும் பெருக்கக் காரணி முறையே 60, 17, 100 என்ற அளவில் இருக்கும். பிளேட்டில் 250 வோல்ட்டும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் −8.5 வோல்ட்டும் கொடுத்தால் இசிசி82-இல் ஏறத்தாழ 10.5 மில்லிஆம்பியர் ஓடும். மற்ற இரண்டிலும் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால் மட்டுமே கிரிட்டை −2 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது இசிசி81 ஏறத்தாழ 10, இசிசி83 ஏறத்தாழ 1.2 மில்லிஆம்பியர் காட்டும். இந்த வரிசையை மாற்றித் தொடங்கினால், கையிலிருப்பது இசிசி82 ஆக இருக்கும் நிலையில் அதன் பிளேட் தாங்கும் சக்தியை மீறிவிடும். இந்த மின்னழுத்தங்கள் உயிருக்கு ஆபத்தானவை. வால்வு டெஸ்டரோ அதில் கைப்பழக்கமுள்ள ஒருவரோ இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

## முதல் வழி: தொடாமல் படித்துப் பதிவு செய்தல்

எல்லா வழிகளுக்கும் இது முதல் படி. பல வால்வுகளுக்கு இதுவே கடைசிப் படியாகவும் இருக்கலாம். மை உதிர்ந்த இடத்தில்கூட, கண்ணாடியின் மேற்பரப்பு அதைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து நுட்பமாக வேறுபட்டிருக்கும்; ஈரம் அங்கே வேறு விதமாகப் படியும். வாயால் மெல்ல ஊதினால் சில நொடிகளுக்கு எழுத்து எழுந்து வருவது அதனால்தான். அது போதாவிட்டால், வால்வை ஒரு மெல்லிய பையில் வைத்துச் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்ததும் பனிப்படலம் படர்ந்து, அது மறையும் சில நிமிடங்களுக்குள் எழுத்து தெளிவாகத் தெரியும். படம் எடுக்கப் போதுமான நேரம் அதில் கிடைக்கும். சூடாக இருக்கும் வால்வைக் குளிரில் வைக்கக்கூடாது. பின்களில் ஈரம் இருக்கும்போது சாக்கெட்டில் செருகவும் கூடாது.

பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒற்றை ஒளி, பின்னால் கறுப்புத் துணி ஆகிய இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல்தான். புற ஊதா விளக்கின் கீழ் சில மைகள் கண்ணாடியிலிருந்து தனித்துத் தெரிகின்றன. எல்லா மைகளுக்கும் இது பலிப்பதில்லை. தலைமுடியில் வால்வைத் தேய்த்து, எண்ணெய்ப் பசையால் எழுத்தை வரவழைக்கும் பழைய வழக்கம் பழுதுபார்ப்போரிடையே உண்டு. மை முழுவதும் போய்த் தடம் மட்டும் இருக்கும் கண்ணாடியில் அது வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் உதிரும் நிலையில் மை இருக்கும்போது அதே தேய்ப்பு மிச்சத்தையும் கொண்டுபோய்விடும் என்பதால், அதை நான் கடைசி முயற்சியாகவே வைக்கிறேன்.

வால்வைச் சிறிது சிறிதாகச் சுழற்றிச் சுற்றிலும் படங்கள் எடுத்து, அடிப்பகுதிக் குறியீட்டைத் தனியாக ஒரு படமாக எடுத்து, வால்வுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணைப் பெட்டியிலோ ஒரு பின்னைச் சுற்றி நூலால் கட்டிய சிறு அட்டையிலோ எழுதி வைத்தால் பதிவு முடிந்தது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மறைந்திருக்கும் விலை வேறிடத்தில் இருக்கிறது. வால்வை அட்டையிலிருந்து அவிழ்த்துக் கருவியில் செருகிய கணத்திலேயே அடையாளம் அதைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. ஒரே மாதிரித் தோன்றும் பல வால்வுகளை ஒரே நாளில் கழற்றி மாட்டும் பணிமேசையில் இந்த முறை ஒழுங்கு தவறாத கைகளை எதிர்பார்க்கிறது. அலமாரியில் உறங்கும் சேகரிப்புக்கு இது மிகச் சிறந்தது. நாள்தோறும் ஓடும் ஆம்ப்ளிஃபயருக்கு இது மட்டும் போதாது.

## இரண்டாம் வழி: வகை எண்ணை மட்டும் கையால் எழுதுதல்

எண்ணெய் அடிப்படையிலான வெள்ளை அல்லது வெள்ளி நிறப் பெயின்ட் பேனாவால், பழைய அச்சு இருந்த இடத்தைத் தவிர்த்து வேறொரு பக்கத்தில், வகை எண்ணையும் வரிசை எண்ணையும் சிறிதாக எழுதுவது இந்த வழி. அழகு குறைவு என்பதே இதன் மேல் சொல்லப்படும் குறை. என் பார்வையில் அதுவே இதன் சிறப்பு. கையெழுத்தைத் தொழிற்சாலை அச்சு என்று எவரும் நம்பப் போவதில்லை. நேர்மை தானாகவே அமைந்துவிடுகிறது.

எங்கே எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பிளேட்டுக்கு நேரான நடுப்பகுதியே கண்ணாடியில் மிகச் சூடானது. அடிப்பகுதி ஒப்பீட்டளவில் குளிர்ந்தது. எட்டுப் பின் அடி கொண்ட ஆக்டல் வகை வால்வாக இருந்தால் கண்ணாடியை விட்டுவிட்டு அடியிலுள்ள பேக்லைட் பகுதியில் எழுதுவதே நல்லது. அப்போது வெளியீட்டு வால்வின் சூடும் ஒரு பொருட்டாக இருப்பதில்லை. 1935-இல் அறிமுகமான உலோக உறை வால்வுகளிலும் பெயின்ட் பேனா நன்றாகவே பிடிக்கும்.

தேவைப்படும் நாளில் அசிடோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் இதை எடுத்துவிடலாம். அந்தத் துளி பழைய மை இருக்கும் பக்கம் ஓடிவிடக்கூடாது. பழைய பக்கத்திலிருந்து விலகி எழுத வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். எழுதியதை நன்றாக உலரவிட்ட பிறகே வால்வைச் சூடேற்ற வேண்டும். மெழுகுப் பென்சிலும் சாதாரண மார்க்கரும் இங்கே பயன்படா. முதலாவது உருகி வழியும், இரண்டாவது சூட்டில் வெளிறும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், மங்கிய பழைய எழுத்தின் மேலேயே மெல்லிய தூரிகையால் பெயின்ட்டை ஓட்டித் திடமாக்குவது. செய்தவுடன் பார்க்க மனநிறைவாக இருக்கும். ஆனால் புதிய பெயின்ட்டின் கரைப்பான் பழைய மையை இளக்கிவிடுகிறது. பிற்காலத்தில் ஒன்றை எடுத்தால் மற்றதும் சேர்ந்தே வரும். மூலம் எது, நம் ஊகம் எது என்று பிரிக்கும் வாய்ப்பும் அங்கே முடிந்துவிடும். இதை நான் பரிந்துரைப்பதில்லை.

## மூன்றாம் வழி: நீரில் நழுவும் டீகால்

மாதிரி விமானங்களில் ஒட்டும் அதே வகை டீகால் தாளில் பழைய சின்னத்தையும் எழுத்துகளையும் அச்சிட்டு, நீரில் நனைத்துக் கண்ணாடிக்கு மாற்றுவது இந்த வழி. கணினியில் வடிவத்தை வரையத் தெரிந்தவருக்கு எளிதாகத் தோன்றும். முதல் தடை நிறத்தில் வருகிறது. வால்வு எழுத்துகளில் பெரும்பகுதி வெள்ளை, மஞ்சள், வெள்ளி, தங்க நிறங்களில் இருப்பவை. சாதாரண அச்சுப்பொறி எதிலும் வெள்ளை மை இல்லை. உலர்மை நாடாவால் வெள்ளையை அச்சிட்ட ஆல்ப்ஸ் அச்சுப்பொறிகளின் உற்பத்தி நின்றுபோய்விட்டது. எனவே வெள்ளை டோனர் உள்ள இயந்திரம் வைத்திருக்கும் அச்சகத்தைத்தான் நாட வேண்டும்.

இரண்டாவது தடையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. டீகால் பிடிக்க வேண்டுமானால் கண்ணாடி எண்ணெய்ப் பசையின்றிச் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தம் செய்தல்தான் எஞ்சியிருந்த பழைய தடத்தையும் துடைத்துப்போடுகிறது. அதாவது டீகால் ஒட்டுவதற்கு முந்திய நிமிடத்திலேயே திரும்ப முடியாத ஒன்றைச் செய்துவிடுகிறோம். டீகாலை நீரிலும் கரைப்பானிலும் பின்னர் எடுத்துவிடலாம் என்பது உண்மை. அதற்கடியில் இருந்ததை மீட்க முடியாது. ஆகையால் இதைத் ‘திரும்ப எடுக்கக்கூடிய முறை’ என்று சொல்வது பாதி உண்மைதான்.

சூட்டிலும் இதற்குக் குறை உண்டு. டீகாலின் படலமும் அதன் மேல் பூசும் அக்ரிலிக் வார்னிஷும் சிறிய வால்வில் தாக்குப்பிடிக்கும். வெளியீட்டு வால்விலும் ரெக்டிஃபையரிலும் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். உலோக மூடி போட்டு இயங்கும் சிறிய வால்வுகளில், மூடியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் டீகாலின் ஓரம் உரசி எழும்பும். கோள வடிவாக வளையும் கண்ணாடியில் படலம் சுருங்கி, அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னுவதைத் தவிர்க்க, மென்மையாக்கும் திரவமும் பொறுமையும் வேண்டும்.

செலவுக் கணக்கு எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு தாளில் நிறையச் சின்னங்களை அடுக்கலாம் என்பதால், ஒரே வகையில் பல வால்வுகள் வைத்திருப்பவருக்கு ஒரு வால்வின் பங்கு மிகச் சிறியதாகிவிடும். ஒற்றை வால்வுக்கோ, வடிவம் வரையும் நேரம், அச்சகத்தின் குறைந்தபட்சக் கட்டணம், ஒட்டிப் பழகுவதில் வீணாகும் தாள்கள் ஆகிய அனைத்தும் அதன் தலையிலேயே விழும்.

## நான்காம் வழி: ரப்பர் அச்சு, பட்டுத்திரை அச்சு

தொழிற்சாலைகளில் ரப்பர் அச்சாலோ திரை வழியாகவோ மையிட்டதால், நான்கு வழிகளிலும் மூலத் தோற்றத்துக்கு மிக நெருங்கி வருவது இதுவே. படலத்தின் ஓரம் தெரியாது. மை மட்டும் கண்ணாடியில் நிற்கும். வளைந்த பரப்பில் அச்சைக் கையால் அழுத்தினால் எழுத்து இழுபடும். ஆகவே மையிட்ட தட்டையான அச்சைக் கிடத்தி, அதன் மேல் வால்வை ஒரே சீராக உருட்டுவதுதான் முறை. உருட்டும் வேகமும் அழுத்தமும் கைக்கு வரும்வரை செத்துப்போன வால்வுகளில் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

மைதான் இங்கே தீர்மானிக்கும் பொருள். சாதாரண ஸ்டாம்ப் மை கண்ணாடியில் நிற்காது. கண்ணாடிக்கென்று வரும் இரு கூறு எப்பாக்ஸி மைகள் உறுதியாக நிற்கும். கலந்த பிறகு குறுகிய நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் மிச்சம் முழுவதும் கெட்டியாகி வீணாகும். அவற்றுள் சில, முழு உறுதி பெற அடுப்புச் சூட்டைக் கேட்பவை. அடியே இல்லாத முழுக் கண்ணாடி வால்வுகள் மிதமான சூட்டைத் தாங்கினாலும், பேக்லைட் அடி ஒட்டிய பழைய வால்வுகளில் அந்தச் சூடு ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒட்டுச் சிமென்ட்டை மேலும் தளர்த்தும். பீங்கானில் செய்வதுபோல் சூளையில் சுட்டு மையைக் கண்ணாடியோடு ஒன்றாக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வெப்பத்தில் கண்ணாடியே இளகும். உள்ளே வெற்றிடம் உள்ள, செய்து முடித்த வால்வுக்கு அது பொருந்தாது.

மூலத்துக்கு மிக நெருங்குவதாலேயே இந்த வழியிடம் எனக்கு மிகுந்த தயக்கம் உண்டு. நன்றாகச் செய்தால் நிபுணரும் ஏமாறுவார். எப்பாக்ஸி இறுகிய பின் எளிதில் எடுக்கவும் முடியாது. இன்று அதைச் செய்பவர் நல்லெண்ணத்தோடு, தம் கருவிக்காக மட்டும் செய்யலாம். அவர் கையை விட்டுப் போன பிறகு அந்த வால்வு ஒரு போலி வால்விலிருந்து எந்த வகையிலும் வேறுபடாது. இதைத் தேர்ந்தெடுப்பவர், அச்சுத் தட்டிலேயே மூலத்தில் இல்லாத ஒரு சிறு அடையாளத்தையும் அச்சிட்ட ஆண்டையும் சேர்த்துவிட வேண்டும். இதை நான் விருப்பத்துக்கு விடமாட்டேன். பழைய வால்வுப் பெயர்களுள் மல்லார்ட் போன்றவை இன்றும் புதிய வால்வுகளுக்கான வணிகப் பெயராகப் புழங்குகின்றன. அத்தகைய பெயரை அச்சிட்டு விற்பனைக்கு வைப்பது சட்டச் சிக்கலுக்கும் இடம் தரும்.

## ஒப்பீட்டுக்கு வராத வழிகள்

வைர முனையால் கண்ணாடியில் கீறி எழுதுவது வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் அழுத்தம் குவிந்து, சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வரும்போது விரிசல் ஓடும். காற்று புகுந்தால், உள்ளே எஞ்சும் வாயுவை உறிஞ்சும் கெட்டரின் வெள்ளி நிறப் பூச்சு வெண்மையாகிவிடும். வால்வு அத்தோடு முடிந்தது. கண்ணாடியை அரிக்கும் பசைகளில் ஃபுளோரைடு சேர்மங்கள் இருப்பதால் அவை தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கானவை; அவை விடும் தடமும் அழியாதது. ஒட்டும் காகிதச் சீட்டு சூட்டில் கருகி, பசையைக் கண்ணாடியில் விட்டுச்செல்லும். எஞ்சிய பழைய அச்சின் மேல் வார்னிஷ் அடித்துக் காப்பாற்ற நினைப்பதும் இவற்றோடு சேர்ந்ததே, ஏனெனில் தெளிக்கும்போதே அதன் கரைப்பான் அந்த மையை இளக்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பதிவு மட்டும் | கையெழுத்து | டீகால் | ரப்பர் / திரை அச்சு |
|---|---|---|---|---|
| பழைய தடம் | முழுதாக நிற்கும் | விலகி எழுதினால் நிற்கும் | சுத்தம் செய்கையில் போகும் | சுத்தம் செய்கையில் போகும் |
| சூடு | கேள்வியே இல்லை | அடிப்பகுதியில் நன்று | சிறிய வால்வில் மட்டும் | மையைப் பொறுத்தது |
| திரும்ப எடுத்தல் | தேவையில்லை | எளிது | படலம் வரும், தடம் வராது | கடினம் |
| புதியது என்று தெரிதல் | பொருந்தாது | உடனே தெரியும் | ஓரத்தைப் பார்த்தால் தெரியும் | தனி அடையாளம் இட்டால் மட்டும் |
| மறைந்த செலவு | இடைவிடாத ஒழுங்கு | மிகக் குறைவு | வெள்ளை அச்சு, வடிவம் வரையும் நேரம் | அச்சுத் தட்டு, வீணாகும் மை, நீண்ட பயிற்சி |

## எந்த நிலையில் எது

கருவி நாள்தோறும் ஓடுகிறது, வால்வுகள் அடிக்கடி கழற்றப்படுகின்றன என்றால், பதிவு செய்துவிட்டுக் கையால் எழுதுவதே போதும். அங்கே தவறான சாக்கெட்டில் தவறான வால்வு போகாமலிருப்பதுதான் முதன்மை. பின்னால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் எழுத்தின் அழகை எவரும் பார்க்கப் போவதில்லை.

எழுத்தில் கொஞ்சமாவது எஞ்சியிருக்கும் அரிய வால்வு, இராணுவ ஒப்பந்தக் குறிகள் உள்ள வால்வு, முதல் உரிமையாளரின் பெட்டியோடு வந்த வால்வு ஆகியவற்றுக்குப் பதிவைத் தவிர எதுவும் வேண்டாம். பிரிட்டிஷ் இராணுவ வால்வுகளில் ‘சிவி’ (CV) என்று தொடங்கும் எண் வணிகப் பெயரிலிருந்து வேறுபட்டது. சிவி4004 என்பது இசிசி83-க்கு இணையான தேர்ந்த வகை. அந்த எண் மங்கிவிட்டதென்று அதன் மேல் வணிகப் பெயரை எழுதிவிட்டால், அந்த வால்வின் தனித்தன்மையையே மறைத்துவிடுகிறோம்.

காட்சிக்கு வைக்கும் ரேடியோவில், பின்பலகை திறந்திருக்க வால்வுகள் வரிசையாகத் தெரிய வேண்டும் என்று விரும்புபவருக்கு டீகால் பொருத்தமானது. அதற்கு இரண்டு நிபந்தனைகளை வைப்பேன்: கண்ணாடியில் தடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்பதைக் குளிர்ப் பனியிலும் புற ஊதா ஒளியிலும் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும், வெளியீட்டு வால்வையும் ரெக்டிஃபையரையும் அதிலிருந்து விலக்க வேண்டும். ரப்பர் அச்சும் திரை அச்சும், ஒரே வகையில் நிறைய வால்வுகளை வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கோ படப்பிடிப்புக்கோ ஒரு முழுக் கருவியை அக்காலத் தோற்றத்தில் அமைப்பவருக்கு ஏற்றவை. தனி ஒருவரின் ஓரிரு வால்வுகளுக்கு அந்த உழைப்பும் அந்தப் பொறுப்பும் மிகை.

வெளிப்புறத்தில் உலோகப் பூச்சு உள்ள பழைய வால்வுகளைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். அவற்றின் எழுத்து அந்தப் பூச்சின் மேல் அடித்த பெயின்ட்டில் இருக்கும். பூச்சோ ஒரு மெல்லிய கம்பியால் பின் ஒன்றோடு இணைந்து, வெளி மின்புலம் வால்வைத் தாக்காமல் காக்கிறது. எழுத்து உதிர்கிறது என்றால் பெரும்பாலும் பூச்சே உதிர்கிறது என்று பொருள். எழுத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், பூச்சுக்கும் அந்தப் பின்னுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்க வேண்டும். தொடர்பு அறுந்திருந்தால் ரேடியோ ஊளையிடும், இரையும். அங்கே மின்கடத்தும் பெயின்ட்டால் பூச்சைச் சீராக்குவதுதான் முதல் வேலை. வகை எண்ணை அடிப்பகுதியில் எழுதிக்கொள்ளலாம்.

விற்கும் எண்ணம் சிறிதளவாவது இருக்குமானால் டீகாலும் அச்சும் வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால், செய்வதற்கு முன் எடுத்த படங்களையும் அடிப்பகுதிக் குறியீட்டின் படத்தையும் வால்வோடு சேர்த்தே கொடுத்து, மேலுள்ள எழுத்து புதியது என்பதை விற்பனைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.